விழ மறுத்த ஊசி

இரும்புக் கம்பியில் ஒட்டியிருந்த குண்டூசி 'டிங்' என்று மேசையில் விழுந்ததும் பௌதிக டீச்சருக்குப் பகீரென்றது.

முதலில் விழ வேண்டியது செம்புக் கம்பியின் ஊசி. அடுத்து அலுமினியம். இரும்பு கடைசி. மூன்று கம்பிகளின் ஒரு முனை ஸ்பிரிட் விளக்கின் மேல்; மறுமுனையில் மெழுகால் ஒட்டிய ஊசிகள். வெப்பம் எதில் வேகமாக ஓடுகிறதோ, அதன் மெழுகு முதலில் உருகும். பாடப்புத்தகம் அப்படித்தான் சொல்கிறது.

வகுப்பைப் பார்வையிட வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆய்வாளர் அம்மா பேனாவைத் திறந்தார். டீச்சரின் வேலை நிரந்தரமாவது அந்தப் பேனாவின் கையில் இருந்தது.

"அப்போ இரும்புதான் நல்ல கடத்தியா மிஸ்?" முன்வரிசை மாணவி கேட்டாள்.

"இல்லம்மா. மெழுகு சரியா ஒட்டல. அண்ணா, இதை எடுத்துட்டுப் போய் ஒழுங்கா ஒட்டிக் கொண்டு வாங்க."

லேப் அட்டெண்டர் கம்பிகளை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார். ஐந்தே நிமிஷத்தில் திரும்பி வந்தார். "இந்தத் தடவை கவலையே வேணாம் டீச்சர்."

இந்தத் தடவை எந்த ஊசியும் விழவில்லை.

டீச்சர் திரியைத் தூண்டினார். இன்னொரு விளக்கையும் வைத்தார். வகுப்பே வியர்த்தது. ஊசிகள் மட்டும் ராணுவ வீரர்கள் மாதிரி விறைப்பாக நின்றன.

"மிஸ், அப்போ உலோகம் எதுவுமே கடத்தாதா?"

"கடத்தும்!"

"எழுதிக்கட்டுமா, வேணாமா மிஸ்?"

"எழுதாதே... எழுது... கொஞ்சம் இரு!"

செம்பு சூடாகவே இல்லையோ? டீச்சர் மறுமுனையைத் தொட்டுப் பார்த்தார். "ஆ!" விரல் சுருக்கென்று பொரிந்தது. வெப்பம் வந்திருக்கிறது. ஆனால் ஊசி அசையவில்லை. தான் படித்த பௌதிகமே தப்போ என்று ஒரு கணம் தலை கிறுகிறுத்தது.

ஆய்வாளர் அம்மா எழுந்து வந்தார். "என்ன டீச்சர், இன்னிக்குள்ள விழுமா?"

"தெரியல மேடம். எனக்கே ஒண்ணும் புரியல."

டீச்சர் கண் கலங்கியதைப் பார்த்து அட்டெண்டர் பதறிப்போனார். எரிந்த விரலுக்குத் தண்ணீரை நீட்டியபடி, ஆய்வாளருக்கும் கேட்கும்படி ஆறுதல் சொன்னார்:

"அழாதீங்க டீச்சர், இனி ஒரு ஊசியும் விழாது! போன வருஷம் நான் சேர்ந்த அன்னிக்கு ஒண்ணொண்ணா விழுந்து, பசங்க கை தட்டிச் சிரிச்சு, உங்க மானமே போச்சே... அதான் மெழுகைச் சுரண்டிட்டு, அடுப்புல வெச்சாலும் உருகாத பசையால ஒட்டிட்டேன். அன்னிக்கு முதல்ல விழுந்த செம்புக்கு மட்டும் ரெண்டு பூச்சு!"