கண்ணாடிப் பெட்டிக்குள் கிளாம்ப் மீட்டர்

தொழிலாளியின் விரல்கள்மீது இவ்வளவு அக்கறை காட்டிய ஆலை உலகத்தில் வேறெங்கும் இருக்க முடியாது. கரண்ட் அளப்பதற்காக ஓடும் லைனை அவிழ்க்கப்போன எலக்ட்ரீஷியனுக்கு இரண்டு விரல்கள் கருகிப் போயின. நிர்வாகம் சும்மா இருக்குமா? உடனே கமிட்டி போட்டது. பதினான்கு மாதம், ஒன்பது கூட்டம், கணக்கில்லாத பிஸ்கட். கடைசியில் ஒரு கிளாம்ப் மீட்டர் வந்து சேர்ந்தது. ஒயரை அவிழ்க்க வேண்டாம், தொடவும் வேண்டாம். மீட்டரின் இடுக்கி வாயைத் திறந்து ஒயரைக் கவ்வினால் போதும், ஓடுகிற கரண்ட் எண்ணாகத் தெரியும்.

அருமையான பொருள். கண்டவன் கை பட்டால் என்னாவது? மேனேஜர் அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள். 'எட்டு' என்று பட்டப்பெயர் வாங்கிவிட்ட எலக்ட்ரீஷியன், பழையபடி புறங்கையால் மோட்டாரைத் தொட்டு, சூட்டை வைத்தே கரண்டைக் கணித்துக்கொண்டிருந்தார்.

"மிச்ச எட்டையும் அங்கயே விட்டுட்டு வந்துடாதீங்க" என்று சொல்லித்தான் தினமும் சாப்பாட்டுப் பையை நீட்டுவாள் அவர் மனைவி.

'பாதுகாப்பு நாள்' வந்தது. மேனேஜர் ரிப்பன் வெட்டிப் பெட்டியைத் திறந்து, மீட்டரைக் கைக்குழந்தைபோல ஏந்திக்கொண்டு பேனல் அறைக்கு எழுந்தருளினார். பெரிய மோட்டாருக்குப் போகும் மூன்று ஒயர்களையும் மொத்தமாகக் கவ்வினார். சைபர். கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

"மோட்டார் ஓடிக்கிட்டு இருக்கு சார்" என்றார் எட்டு. "ஒரு ஒயர மட்டும் கவ்வணும். மூணையும் சேத்துப் பிடிச்சா ஒண்ணுக்கொண்ணு கழிஞ்சு சைபர்தான் காட்டும்."

"இவ்வளவு வெல குடுத்து வாங்கின மீட்டர் பொய் சொல்லுதுங்கிறியா?"

"மீட்டர் சொல்லல சார்."

யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். மேனேஜர் முகம் சிவந்தது.

"கரண்டே இல்ல. அந்த ஒயர் முனையில லூஸா இருக்கிற போல்ட்ட வெறுங்கையால முறுக்கு. போட்டோ எடுக்கணும்."

எட்டு தன் கைகளைப் பார்த்தார்.

"நீங்களே முறுக்குங்க சார். போட்டோவுல எடுப்பா இருக்கும்."

மேனேஜரின் வெறுங்கை, ஐந்து விரல்களோடும் மெல்ல பேன்ட் பைக்குள் போய் ஒளிந்துகொண்டது.

மறுநாள் எட்டுக்கு மெமோ: 'கருவியின்மீது நம்பிக்கையின்மை.' மூன்று நாள் சஸ்பெண்ட். மனைவி அவர் விரல்களை எண்ணிப் பார்த்துவிட்டுச் சாப்பாடு போட்டாள். 'மின்னோட்டம்: சைபர். ஆபத்து: சைபர்' என்று அறிக்கை மேலிடத்துக்குப் போனது. மீட்டர் பெட்டிக்குத் திரும்பியது. இப்போது அதற்கு இரண்டு பூட்டு.

நிர்வாகத்தின் அக்கறை வீண்போகவில்லை. அந்த ஆலையில் இன்றுவரை ஒரு கீறல்கூடப் படாமல் காப்பாற்றப்பட்டு வருவது அந்த மீட்டர் ஒன்றுதான்.