பத்துக்கு எட்டு

"ராத்திரி எத்தன தடவ எழுந்தீங்க?" பென்சிலை நாக்கில் நனைத்தபடி புருஷனைக் கேட்டாள் நவமணி.

"ஒரு தடவ. தண்ணி குடிக்க."

"ரெண்டு தடவ. எழுந்தது எழுந்ததுதான்."

முதல் கேள்விக்கு நேராக ஒரு கோடு விழுந்தது. சன்னாசி அதைப் பரிதாபமாகப் பார்த்தார்.

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குப் போகும் பஸ்ஸை ஓட்ட வேண்டும் என்பது, தோட்டத்தில் ரப்பர்ப் பால் லோரி ஓட்டிய நாளிலிருந்தே அவருடைய ஆசை. இப்போது அந்த பஸ்ஸுக்கு ஆள் வேண்டியிருந்தது. திங்கட்கிழமைக்குள் டாக்டர் கையெழுத்துப் போட்ட மெடிக்கல் பாரம் வராவிட்டால் வேலை இன்னொரு டிரைவர் சின்னையாவுக்குத்தான் என்று பஸ் முதலாளி தௌக்கே சொல்லிவிட்டார்.

சன்னாசி கிளினிக்குக்குப் போய் நெஞ்சு, கண், காது எல்லாம் காட்டிவிட்டு வந்தார். பாரத்தை வாங்கிவர நவமணியை அனுப்பினார். அவள் வந்தபோது கையில் இருந்ததோ பத்துக் கேள்விகள் அச்சடித்த ஒரு தாள். உங்கள் மனநிலையை நீங்களே தினமும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தலைப்பு. மூன்று வரை ‘ஆம்’ வந்தால் இலேசான பதற்றம், எல்லோருக்கும் இருப்பதுதான். ஏழைத் தாண்டினால் டாக்டரைப் பார்க்கவும்.

"இது எதுக்கு?"

"டாக்டருதான் குடுத்தாரு."

"கையெழுத்துக்கு முன்ன மனசையும் பாக்குறாரு போல," என்று சன்னாசியே முடிவுகட்டிக்கொண்டார்.

முதல் நாள் மூன்று. அதோடு சும்மா இருந்திருக்கலாம். மனுஷனுக்கு சைபர் வேண்டுமாம்!

"கோப்பிய விடு மச்சான், எல்லாம் அதாலதான்," என்றான் அவர் பஸ்ஸின் கண்டக்டர் ராஜு.

விட்டார். தலை வலித்தது. பஸ்ஸில் மணியை இரண்டு தரம் அடித்த வாத்தியாரிடம் கத்தித் தொலைத்தார். சட்டென்று கோபம் வருகிறதா? நான்கு.

"காலைல நடலா மச்சான், மனசு லேசாவும்," என்றான் ராஜு மறுபடியும்.

நடந்தார். மார்க்கெட் நாய் துரத்தியது. நெஞ்சு படபடக்கிறதா?

"நாய் தொரத்துனா யாருக்குத்தான் படபடக்காது?"

"நாயப் பத்தி இதுல ஒண்ணும் போடலயே," என்றாள் நவமணி. ஐந்து.

கை நடுங்குகிறதா என்று பார்க்க, தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கிப் பிடித்து முறைத்தார். முறைக்க முறைக்க நடுங்கியது. ஆறு. இனிமேல் வாயே திறப்பதில்லை என்று தீர்மானித்தார். யாரோடும் பேசப் பிடிக்கவில்லையா? நவமணி பதிலுக்குக் காத்திருந்து பார்த்துவிட்டு ஏழாவது கோட்டைப் போட்டாள். வெள்ளிக்கிழமை எட்டு.

"ரெண்ட அழிச்சிரு, நவமணி. யாருக்குத் தெரியப்போவுது?"

"ஐயோ, டாக்டரு பேப்பருங்க! மல பஸ் இல்லாட்டி போவுது, இப்ப ஓட்டுற பஸ் நல்லாத்தான இருக்கு?"

அன்று வெள்ளிக்கிழமை என்பதையும் மறந்து அவள் கோழிக்குழம்பு வைத்தாள். சன்னாசிக்கு ஒரு வாய் இறங்கவில்லை. இத்தனை வருஷத்து ஆசை எட்டுக் கோட்டில் போகிறதே என்று அழுகை வந்தது.

சனிக்கிழமை காலை, கதவு திறக்கும் முன்பே கிளினிக்கில் நின்றார். நர்ஸ் மிஸ்ஸி பூமணியிடம் தாளை நீட்டினார்.

"மிஸ்ஸி, இதுல ஒண்ணு நாயால வந்தது, ஒண்ணு கோப்பியால வந்தது. டாக்டருகிட்ட எடுத்துச் சொல்லி என் பாரத்துல கையெழுத்து வாங்கிக் குடுங்க."

மிஸ்ஸி தாளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"அண்ணே, உங்க பாரத்துல டாக்டர் போன வாரமே கையெழுத்துப் போட்டு அக்கா கையில குடுத்தாச்சு, இந்தப் பேப்பரு, நீங்க மலையில பஸ் ஓட்டப் போறீங்கன்னு தூக்கமில்லாம அழுத அக்காவுக்குக் குடுத்ததுலா!"