காணாமல் போன 'லாம்'

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே நானும் என் எலிகளும் நலம். அங்கே நீங்களும், இங்கே என் வீட்டில் அக்காவும் தனித்தனியே நலம். இருவரும் சேர்ந்து நலமாக இருக்கத்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பிடிவாதத்துக்கு ஜீன் எதையும் நான் கண்டுபிடிக்கவில்லை. எலியின் மூளையில் வேலை செய்யும் ஒரு ஜீனைச் சற்றே மாற்றினோம். பக்கத்துக் கதவு திறந்திருந்தும் அந்த எலிகள் மூடிய கதவையே முட்டிக்கொண்டிருந்தன. 'இந்த ஜீனுக்கும் பிடிவாதத்துக்கும் சிறு தொடர்பு இருக்கலாம்' என்று எழுதினேன். எங்கள் நிறுவனத்தின் செய்தி அலுவலர் அதைச் சுருக்கியபோது 'லாம்' போய், 'தொடர்பு இருக்கிறது' என்று ஆனது. செய்தித்தாள்காரர் எலியையும் எடுத்துவிட்டார். எடுத்தவர், 'பெண் எலிகள்' என்பதில் 'பெண்'ணை மட்டும் விட்டுவைத்தார். அப்படித்தான் 'பெண்களின் பிடிவாதத்துக்கு ஜீனே காரணம்' என்ற தலைப்பு வந்தது. அதைக் கத்தரித்து ஃபிரிட்ஜில் ஒட்டியவர் நீங்கள்.

ஒட்டியதோடு விட்டிருக்கலாம். ஒழுகுகிற குளியலறைக் குழாயை மாற்றச் சொன்ன அக்காவிடம், "உன்னச் சொல்லிக் குத்தமில்ல, உன் ஜீன் அப்படி. உன் தங்கச்சியே எழுதியிருக்கா பாரு"ன்னு சொன்னீங்களாமே! அக்கா பெட்டியோடு வந்து என் வாசலில் நின்று கேட்ட முதல் கேள்வி, "இத்தனை வருஷம் படிச்சது என்னைத் திட்டறதுக்குத்தானாடி?" வந்த மறுநாளே ஆளைக் கூப்பிட்டு என் குளியலறைக் குழாயை மாற்றிவிட்டாள். அது ஒழுகவே இல்லை அத்தான். இப்போதுதான் ஒழுகுகிறது.

இதற்கு நடுவில் ஆய்வகத்திலும் தலைவலி. ஒவ்வொருவருடைய ஆய்வுக்கும் வெளியுலகில் என்ன தாக்கம் என்று பார்க்க ஒரு குழு வந்திருக்கிறது. தாக்கம் இல்லையென்றால் என் எலி அறை கூட்டம் நடத்தும் அறையாகிவிடும். அங்கேயும் மூடிய கதவை முட்டுவார்கள், அது வேறு விஷயம். இயக்குநர் என்னைக் கூப்பிட்டு, "அந்த லாமை மட்டும் எடுத்துடுங்க மேடம், தாக்கம் தானா வரும்" என்றார். முடியாது என்றேன். எனக்குத் தெரிந்தது எவ்வளவு, தெரியாதது எவ்வளவு என்று அந்த ஈரெழுத்தில்தான் சொல்லியிருக்கிறேன். எலி அறையே போனாலும் சரி, அது மட்டும் போகாது. அன்று மாலை இதைச் சொன்னதும் அக்கா, "ஒரு லாம்தானே, விட்டுக்கொடேன்டி" என்றாள். "விடமாட்டேன்" என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஜீன்தான்" என்றாள்.

நான் ஜெயிப்பேன், சந்தேகமே இல்லை. ஆனால் வீட்டில் ஒருத்தி சோபாவை ஆக்கிரமித்துக்கொண்டு, "உன் எலிக்காவது மூளை இருக்கு, உங்க அத்தானுக்கு?" என்று கேட்டுக்கொண்டிருந்தால் ஆய்வு நடக்காது. ஆகவே இந்தக் கடிதம் கிடைத்த உடனே செய்தியைக் கிழித்துப் போடுங்கள், குழாயை மாற்றுங்கள், நேரில் வந்து மன்னிப்புக் கேட்டு அக்காவை அழைத்துப் போங்கள்.

உங்கள் உடம்புக்கும் வீட்டுக் குழாய்களுக்கும் ஒரு குறையும் வராதிருக்க வேண்டும்

உங்கள் அன்புக் கொழுந்தியாள்

பி.கு.: குழுத் தலைவர் இப்போதுதான் போன் செய்தார். லாம் இருந்துவிட்டுப் போகட்டுமாம். ஆனால் என் ஆய்வால் வாழ்க்கையே மாறிப்போன ஒரு குடும்பத்தை நேரில் பார்க்க வேண்டுமாம். எனக்குத் தெரிந்து அப்படி ஒரே குடும்பம்தான் இருக்கிறது. வியாழக்கிழமை உங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். அதனால் மேலே சொன்ன எதையும் அதுவரை செய்துவிடாதீர்கள். குழாய் ஒழுகட்டும், செய்தி ஃபிரிட்ஜிலேயே இருக்கட்டும். அக்காவை அன்று காலை நானே கூட்டி வருகிறேன். கோபத்துக்கு ஒத்திகை வேண்டாம் என்கிறாள். அவர்கள் கிளம்பியதும் சமாதானம் ஆகிவிடுவாள் என்று எழுதியிருந்தேன். தோளுக்குப் பின்னால் நின்று படித்தவள், "ஆகலாம்னு எழுதுடி" என்றாள். திருத்திவிட்டேன்.