மன அழுத்தம் பற்றி நான் ஆற்றிய உரை

ஊருக்கெல்லாம் அறிவுரை சொல்பவர்களில் பாதிப் பேர் அதைத் தாங்கள் கேட்டதே இல்லை. நானும் அந்தப் பாதியில் ஒருத்திதான் என்று இருநூறு பேர் முன்னிலையில் நிரூபித்திருக்கிறேன்.

ஹைதராபாத்தில் ஐ.டி. கம்பெனிகள் முளைத்துக்கொண்டே இருந்த காலம். நாகர்கோவிலிலிருந்து போய் ஒரு தனியார் மருத்துவமனை ஐ.சி.யூ.வில் நர்ஸாக இருந்தேன். கூட வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராக வளைகுடா நாடுகளுக்குப் பறந்துவிட, மிச்சமிருந்தவர்களுக்கு டபுள் டியூட்டி. பதினாறு நாளாக எனக்கு லீவு இல்லை. யார் கேட்டாலும் களைப்பே இல்லை என்பேன். (அழுகை வந்தால் துணி அடுக்கும் அறைக்குள் போய் இரண்டு நிமிடம் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வருவேன். அதற்குத் தைரியம் என்று பெயர் வைத்திருந்தேன்.)

கச்சிபௌலியில் ஒரு கம்பெனி, மன அழுத்தத்தைச் சமாளிப்பது பற்றிப் பேச ஆள் கேட்டது. என் சிரித்த முகத்தை நம்பி, நர்ஸிங் சூப்பிரண்டெண்ட் லலிதா மேடம் என்னை அழைத்துப் போனார். காலை பதினோரு மணி. குளுகுளு அரங்கம், மேடையில் மெத்தென்று ஒரு நாற்காலி. எல்லாரும் கண்ணை மூடி மெதுவாக மூச்சை இழுக்க வேண்டும் என்று என் நாகர்கோவில் ஆங்கிலத்தில் சொன்னேன். முன்மாதிரியாக நானும் மூடினேன். அவ்வளவுதான்.

உடையில் குத்தியிருந்த மைக் என் குறட்டையை அரங்கம் முழுக்கப் பரப்பியது. அதுவும் பயிற்சிதான் போல என்று அவர்களும் கூடவே மூச்சு விட்டார்களாம். பத்து நிமிடம்! அப்போது முன்வரிசையில் ஒருவரின் செல்போன், எங்கள் மானிட்டர் அலாரம் போலவே பீப் பீப் என்றது.

"ஆறாம் பெட்!" என்று தமிழில் கத்திக்கொண்டே மேடையிலிருந்து குதித்து, அந்த ஆளின் நாடியைப் பிடித்துவிட்டேன். அவர் டை கட்டியிருந்தது அப்புறம்தான் கண்ணில் பட்டது.

திரும்பும் வழியில், வேலை போயிற்று என்றே காரில் உட்கார்ந்திருந்தேன். கடைசியாக எப்போது ஆஃப் எடுத்தாய் என்று மேடம் கேட்டார். அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. பதினாறு நாள், துணி அறை, மற்றப் பெண்களின் நிலைமை, எல்லாவற்றையும் கொட்டினேன்.

மேடம் தெலுங்கு கலந்த தமிழில் சொன்னார்: "நித்திரையிலகூட பேஷன்ட்கிட்டதான் ஓடினே. உன்னை இப்படி வெச்சது நான் பண்ணின தப்பு."

நிர்வாகத்தோடு மல்லுக்கட்டி, எங்கள் எல்லாருக்கும் வாரம் ஒரு ஆஃப் வாங்கிக் கொடுத்தார். இன்றும் அங்கே அது நடைமுறையில் இருக்கிறது. வாங்கித் தந்தது என் குறட்டை என்று புதிதாக வரும் பெண்களிடம் பெருமையாகவே சொல்வேன்.

ஹைதராபாத்திலேயே வளர்ந்த என் மகளிடம் மட்டும் இந்தப் பெருமை செல்லாது. நான் அறிவுரையை ஆரம்பித்தாலே கையை நீட்டி, "முந்து நாடி சூடும்மா" என்பாள். முதலில் நாடியைப் பார் என்று அர்த்தம். நானும் விடுவதில்லை, முழுசாக ஒரு நிமிடம் எண்ணிவிட்டுத்தான் அறிவுரையைத் தொடர்வேன்.