கதவைத் திறந்து காட்டிய மனுதாரர்

வீட்டுக்காரர்களில் பல வகை உண்டு. சொன்னதும் ரிப்பேர் செய்து தருபவர், "பாக்கலாம், பாக்கலாம்" என்றே காலத்தை ஓட்டுபவர், போனையே எடுக்காதவர். செஞ்சியில் எங்களுக்கு வாய்த்த தணிகாசலம் ஐயா இவற்றில் எதிலும் சேராதவர். எது உடைந்தாலும் நேரில் வந்து, உடைந்ததை வைத்து எப்படிக் காலம் தள்ளுவது என்று பயிற்சி கொடுத்துவிட்டுப் போவார்.

"தம்பி, இதுக்கு ஒரு டெக்னிக் இருக்குது" என்றுதான் ஆரம்பிப்பார். குழாய் ஒழுகினால் இறுக்கி மூடி, கொஞ்சம் திருப்பிவிட்டு, மறுபடி மூட வேண்டும். மின்விசிறி சுற்றாவிட்டால் துடைப்பக்கட்டையால் இறக்கையை ஒரு தள்ளு தள்ள வேண்டும். மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இல்லை, கோட்டைக் குரங்குகள் வந்து குளித்துவிட்டுப் போகின்றன என்று முறையிட்டேன். "வெயில் ஏறுனப்புறம்தான் அதுங்க எறங்கும். நீ அதுக்கு முன்னாடி தண்ணி புடிச்சி வெச்சிக்கோ" என்றார். (குரங்குகளின் நேர அட்டவணை வரை கைவசம் வைத்திருந்தார்.)

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு இந்தப் பயிற்சி பிடித்திருந்தது. உரக்கடையில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்த எனக்கு வாழ்க்கையில் வேறெந்த வித்தையும் கைவந்ததில்லை. அதிலும் குளியலறைத் தகரக் கதவு விஷயத்தில் நான் மேதை. கீழ்க்கீல் கழன்று தரையை உரசிக்கொண்டிருந்த அந்தக் கதவை, இடது காலை அடியில் கொடுத்து லேசாகத் தூக்கி, தோளால் ஓர் உந்து உந்தினால் சத்தமில்லாமல் திறக்கும். விருந்தாளிகள் வந்தால் நானே கூடப்போய்த் திறந்துவிடுவேன். அவர்கள் வெளியே வரும்வரை அங்கேயே நின்றிருப்பேன். அதனால்தானோ என்னவோ விருந்தாளிகள் வருவது குறைந்துபோனது.

இந்த நிலையில் வல்லத்தில் தனியாக இருந்த என் அம்மாவுக்கு முட்டியில் ஆபரேஷன் ஆயிற்று. இனி எங்களோடுதான் இருக்க வேண்டும். அம்மாவுக்கும் டெக்னிக்கைச் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்றேன். மெடிக்கலில் வேலை பார்க்கும் என் மனைவி மல்லிகா கேட்டாள்:

"அத்தை எந்தக் காலக் குடுத்து கதவத் தூக்குவாங்க? ஆபரேஷன் பண்ண காலையா, இன்னொண்ணையா?"

இரண்டு பேரும் தணிகாசலம் ஐயா வீட்டுக்குப் போனோம். அவர் காபி கொடுத்தார். பிறகு ஜன்னல் வழியாக ராஜகிரியைக் காட்டினார்.

"அந்தக் கோட்டையப் பாரு தம்பி. எத்தினி மழை, எத்தினி சண்ட. எவன் குடியிருந்து ரிப்பேர் கேட்டான்? நிக்குதா இல்லியா?"

நான் தலையாட்டிவிட்டேன். (கோட்டை நிற்கத்தானே செய்கிறது.) மல்லிகா ஆட்டவில்லை. "அங்க யாரும் குளிக்கிறதில்ல ஐயா. நீங்க வாடகையும் வாங்குறதில்ல" என்றாள்.

அதன்பிறகு காரியம் அவள் கைக்குப் போய்விட்டது. கதவு, சுவர், கூரை போன்றவற்றைச் சரிசெய்து தருவது வீட்டுக்காரரின் பொறுப்பு, மறுத்தால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம் என்று விசாரித்து வந்தாள். வாடகையை மட்டும் ஒரு மாதம்கூட நிறுத்தக் கூடாது, நம் பக்கம் ஒரு குறையும் இருக்கக் கூடாது என்றாள். ஒப்பந்தம் என் பெயரில் பதிவாகியிருந்ததால் மனுவும் என் பெயரிலேயே போயிற்று. விபரீதம் அங்கேதான் தொடங்கியது.

வீட்டைப் பார்வையிட அலுவலகத்திலிருந்து ஒரு மேடம் வந்தார். தணிகாசலம் ஐயாவும் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். மல்லிகா டீ போட உள்ளே போனாள்.

"ஃபேன் ஓடலைன்னு எழுதியிருக்கீங்களே" என்றார் மேடம். கை தானாகத் துடைப்பக்கட்டைக்குப் போயிற்று. ஒரே தள்ளு. விசிறி ஜோராகச் சுற்றியது. குழாயைப் பார்க்க வந்தார். நான் முந்திக்கொண்டு மூடி, திருப்பி, மூடினேன். ஒரு சொட்டுகூட விழவில்லை. குளியலறைக் கதவை எட்டியபோது எனக்குள் இருந்த மேதை முழுவதுமாக விழித்துக்கொண்டான். கால், தோள், உந்து. கதவு பட்டுப்போல் திறந்தது. அதே லாகவத்தோடு மூடியும் காட்டினேன்.

மேடம் மனுவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "சார், நீங்க மனுதாரரா, இல்ல வீட்டுக்காரரா?"

டீத் தட்டோடு நின்ற மல்லிகாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அம்மா அந்த வாரக் கடைசியில் வருவதாக இருந்தது. அவளுக்காகக் கதவு சரியில்லை என்று மனுக் கொடுத்துவிட்டு, அதில் ஒரு குறையும் இல்லை என்று நானே பிரமாதமாக நிரூபித்துவிட்டேன். அங்கேயே பூமி பிளந்தால் குதித்திருப்பேன்.

காப்பாற்றியது தணிகாசலம் ஐயாதான். ஜெயித்த சந்தோஷத்தில் அவருக்கு நிலைகொள்ளவில்லை. "பாத்தீங்களாம்மா? இன்னா கொறை இதுல? இருங்க, நானே காட்டறேன்" என்று உள்ளே போய்க் கதவை அடித்துச் சாத்தினார்.

திறக்கவில்லை.

அவருக்குத் தெரிந்தது கீல் கழல்வதற்கு முந்தைய டெக்னிக். தூக்கி இழுத்தார். மேல்கீலும் கையோடு வந்துவிட, கதவு கோணலாக நிலையில் இறுகிக்கொண்டது. நான் வெளியிலிருந்து காலைக் கொடுத்தேன், தோளைக் கொடுத்தேன். என் வித்தை முதல்முறையாக என்னைக் கைவிட்டது.

"தம்பி, இன்னாபா பண்ற?" உள்ளே குரல் இறங்கியிருந்தது.

மல்லிகா தட்டைக் கீழே வைத்தாள். "பதட்டப்படாதீங்க ஐயா. நாங்க தெனம் இப்பிடித்தான் குளிக்கறோம்."

"மூச்சு முட்டுதும்மா. கதவ ஒடச்சிடுங்க."

"தாராளமா ஒடைக்கலாம். ஆனா உங்க சொத்து. நாங்க ஒடச்சோம்னு நாளைக்கி அட்வான்ஸ்ல கை வெக்கக் கூடாது. நீங்கதான் சொல்றீங்கன்னு மேடம் காதுல விழறமாதிரி சொல்லிடுங்க."

"நான்தாம்மா சொல்றேன். ஒடைங்க. புதுசு போட்டுத் தரேன்."

"தொட்டி மூடி?" என்றாள் மல்லிகா.

மேடம் சட்டென்று கையை உயர்த்தினார். "அதெல்லாம் நான் பாத்துக்கறேன்மா. மொதல்ல அவர வெளிய எடுங்க." ஆனால் அவர் சிரிப்பை அடக்கியதை நான் பார்த்தேன்.

பக்கத்து வீட்டுக் கடப்பாரையால் நானே உடைத்தேன். என்னுடைய ஒரே திறமை தகரமாக நசுங்கி விழுந்தது. ஐயா வியர்வையில் நனைந்து வெளியே வந்தார். என் டீயை எடுத்துக் குடித்தார்.

உத்தரவு வருவதற்கு முன்பே, மறுநாளே தச்சரை அழைத்துவந்து நின்றார். பிறகு உத்தரவும் வந்தது. தொட்டிக்கு மூடி, புதுக் குழாய், விசிறி எல்லாம் அதன்படி வந்தன. அதற்கெல்லாம் முன்பே, அந்த வாரக் கடைசியில் அம்மா வந்து இறங்கினாள். வாக்கரைப் பிடித்தபடி குளியலறைக்குப் போய், புதுக் கதவை ஒரு விரலால் தள்ளித் திறந்தாள், சாத்தினாள், மறுபடி திறந்தாள். "நல்லாத்தானே இருக்குது. இதுக்கா ஆபீசர் வரைக்கும் போனீங்க?" என்றாள். மல்லிகா அன்று வாய்விட்டுச் சிரித்தாள்.

ஆனால் என் பெயர் கெட்டது கெட்டதுதான். இன்றும் வீட்டுக்கு மெக்கானிக் வந்தால் என்னைக் கடைக்கு அனுப்பிவிடுகிறார்கள். டாக்டரிடம்கூடத் தனியாக விடுவதில்லை. போன மாதம் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டே போய் உட்கார்ந்தேன். எப்படி இருக்கீங்க என்று டாக்டர் கேட்டார். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, "நல்லா இருக்கேன் டாக்டர்" என்றேன்.

"அவரக் கேக்காதீங்க டாக்டர்" என்றாள் மல்லிகா. "அவரு வீட்டுக்காரர் பக்கம்."