மாப்பிள்ளையை நடக்கவிட்ட கதை

பெண் விடுதலை என்றால் என்னவென்று இருபத்து மூன்று வயதில் எனக்கு முழுசாகத் தெரியும். இப்போதுதான் அடிக்கடி சந்தேகம் வருகிறது.

அதற்குள் என்னைப் பெண் பார்க்க மூன்று குடும்பங்கள் வந்து போயிருந்தன. மூன்றுமே பஜ்ஜியைத் தின்றுவிட்டு, "கொஞ்சம் நடந்து காட்டும்மா" என்றன. (நான் நடந்துதானே பஜ்ஜியைக் கொண்டுவந்தேன்? அது கணக்கில் வராதாம்.) மூன்றும் பிறகு பெண் பிடிக்கவில்லை என்று சொல்லியனுப்பின.

நாலாவது வரன் திருப்புலிவனத்தில். "இந்தத் தடவ நாம போயி மாப்பிள்ளய பாக்கலாம் நைனா" என்றேன்.

"இன்னாத்துக்கு இந்த பேஜாரு?" என்று முனகினாலும், அப்பா பட்டு வேட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மாப்பிள்ளையே கேசரித் தட்டை ஏந்தி வந்தார். பார்த்ததுமே எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. அதைக் காட்டிக்கொண்டால் சமத்துவம் என்னாவது? கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "கொஞ்சம் நடந்து காட்டுங்க" என்றேன்.

அப்பாவுக்குப் புரையேறியது. மாப்பிள்ளையின் அம்மாவோ என் கட்சியில் சேர்ந்துவிட்டார். "நட்றா. என்னிய அஞ்சு வூட்டுக்காரங்க நடக்க வச்சாங்க. நீ ஒரு வாட்டி நடந்தா தேஞ்சா பூடுவ?"

தட்டைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நடந்தார். வேட்டி தடுக்கி, சுடச்சுடக் கேசரியோடு அப்பாவின் மடியில் விழுந்தார்.

அப்பா போட்ட கூச்சல் அடங்கியதும், மாப்பிள்ளை சட்டையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார்: "உங்கள நடக்கச் சொன்னப்ப எப்டி இருந்துச்சு?"

"அவமானமா இருந்துச்சு."

"எனக்கும் அப்டித்தான் கீது."

புரட்சி செய்கிறேன் என்று போய், அந்த மூன்று குடும்பங்களுக்குப் பின்னால் நாலாவது ஆளாக நின்றிருந்தேன். மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல" என்றார். மறுநாள் பெண் பிடிக்கவில்லை என்று தகவல் வந்தது. இரண்டு நாள் அழுதேன். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அதன்பிறகு எங்கள் வீட்டில் எனக்கும் சரி, தங்கைக்கும் சரி, வரன் பார்க்கும்போது பெண்ணும் மாப்பிள்ளையும் நாற்காலியில் உட்கார்ந்துதான் பேசினார்கள். தட்டும் கிடையாது, நடையும் கிடையாது. எங்கள் வீட்டு முற்போக்கைப் பற்றி யாராவது புகழ்ந்தால், அப்பா இன்றைக்கும் தொடையைத் தடவிக்கொண்டு சொல்வார்: "முற்போக்கும் இல்ல, ஒன்னும் இல்ல. வெந்தது எனக்குத்தான் தெரியும்."