திண்டிவனத்தில் முனீஸ்வரன் கேட்ட சுருட்டு

தெய்வ பயம் இருப்பவன் கெட்ட பழக்கத்தை எல்லாம் விட்டுவிடுவான் என்கிறார்கள். நான் கோயில் வாசலில் செருப்பையும் பீடிக்கட்டையும் விட்டுவிட்டு உள்ளே போய், கும்பிட்டு வந்ததும் முதலில் பீடியைத் தேடியவன். (செருப்பு போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம்.)

வினை மகள் ரூபத்தில் வந்தது. தலைப்பிரசவத்துக்கு விழுப்புரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அழைத்து வரப் போனபோது நேராகச் சொல்லிவிட்டாள்: "பீடி நாத்தத்துல என் கொழந்தைய வளக்க மாட்டேன்பா. நீ வுட்டா வர்றேன். இல்லன்னா மாமியார் வூட்லயே இருந்துக்கறேன்."

தலைப்பிரசவம் தாய் வீட்டில் இல்லையென்றால் சம்பந்தி முகத்தில் எப்படி விழிப்பது? என் மனைவி செல்வி விசாரித்து, திண்டிவனத்தில் ஹிப்னாடிசம் செய்து பழக்கத்தை மாற்றும் டாக்டர் ஒருவரிடம் என்னை இழுத்துப் போனாள்.

ஏசி அறை, மெத்தை நாற்காலி. எதிர்ச் சுவரில் 'புகை பிடிக்காதீர்' பலகை. கண்ணை மூடச் சொன்ன டாக்டர், மனசுக்கு நிம்மதி தரும் இடத்துக்குப் போகச் சொன்னார். கடற்கரை, பூந்தோட்டம் என்று எதையாவது நினைப்பேன் என எதிர்பார்த்திருப்பார் பாவம். எனக்கு நிம்மதி தரும் இடம் கண்டாச்சிபுரம் பக்கத்தில் இருக்கும் எங்கள் குலதெய்வம் முனீஸ்வரன் கோயில்தான். அங்கே போய் நின்றேன். அவர் "இன்னும் ஆழமா போங்க" என்று சொல்லச் சொல்ல, என் காதுக்குள் பம்பை அடிக்க ஆரம்பித்தது.

அதன் பிறகு நடந்தது செல்வி சொல்லித்தான் எனக்குத் தெரியும். நாக்கைத் துருத்திக்கொண்டு எழுந்தேனாம். டாக்டர் சுவரோடு ஒட்டிக்கொண்டாராம். சாமி வந்தால் செய்யவேண்டியது செல்விக்குத் தெரியாதா? முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கைகூப்பினாள்.

"வந்திருக்கறது யாரு சாமி?"

"முனீஸ்வரன்டி!"

"உனக்கு இன்னா வேணும், சொல்லு சாமி."

"சுருட்டு!"

எங்கள் வழக்கத்தில் சாமி வாய்விட்டுக் கேட்டால் இல்லையென்று சொல்லக்கூடாது. செல்வி டாக்டரிடம் சொன்னாள்: "ஜல்தியா ஒண்ணு வாங்கியாங்க சார். குடுக்காம மலையேற மாட்டாரு." சாமி போனால் போதும் என்றிருந்த மனிதர், தானே கடைக்கு ஓடி வாங்கி வந்து பற்றவும் வைத்தாராம்.

எனக்கு நினைவு வந்தபோது அறை முழுக்கப் புகை. என் வாயில் கட்டை விரல் கனத்துக்குச் சுருட்டு. வெளியே காத்திருந்தவர்கள் எல்லாம் உள்ளே வந்து கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். ஓர் அம்மாள் தன் மகனுக்கு எப்போது கல்யாணம் ஆகும் என்று என்னிடம் குறி கேட்டாள். பதிலாக ஒரு இருமல் வந்தது. பீடிக்காரன் குடல் சுருட்டைத் தாங்குமா? டாக்டரின் வாஷ்பேசினில் காலை இட்லி வரைக்கும் வெளியே வந்தது.

பஸ் ஸ்டாண்டில் தைரியத்துக்கு ஒரு பீடி பற்றவைத்தேன். அந்த வாடைக்கே குமட்டிக்கொண்டு வர, தூக்கிப் போட்டேன். அன்று போட்டதுதான்.

சிகிச்சை பலித்துவிட்டதாக டாக்டர் போனில் சந்தோஷப்பட்டார். செல்வி ஒப்புக்கொள்ளவில்லை. "பீடி கேட்டிருந்தா அது உங்க ஆச. கேட்டது சுருட்டு. அப்ப வந்தது சாமிதான்." நான் வாஷ்பேசினுக்குத்தான் நன்றி சொல்லவேண்டும் என்று நினைத்தாலும், முனீஸ்வரனுக்கு ஒரு கட்டு சுருட்டு வாங்கிப் படையல் போட்டேன், மூக்கைப் பொத்திக்கொண்டு.

மகள் வந்தாள். பேத்தி எங்கள் வீட்டில்தான் பிறந்தாள். இப்போது பேச்சும் வந்துவிட்டது. இங்கே வரும்போதெல்லாம், நாற்காலியில் நான் கண்ணை மூடினால் போதும், அவள் அம்மா சொல்லிக் கொடுத்தபடி எதிரே வந்து கைகூப்புகிறாள்.

"இன்னா வேணும் சாமி?"

முதலில் கோபித்துக்கொண்டேன். இப்போதெல்லாம் கண்ணைத் திறக்காமலே "காபி" என்று சொல்லிவிடுகிறேன். சாமி கேட்டால் இல்லையென்று சொல்லாத வீடு, உடனே வந்துவிடுகிறது.